பன்னிரண்டு மில்லி மழை

அம்மாவின் நோட்டில் தேதி கிடையாது. கிழமை மட்டும்தான். திங்கள், செவ்வாய், புதன் என்று நூறு பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எதையும் நாள் குறித்து வைக்கிற என்னைப் போன்றவளுக்கு இது பெரிய சோதனை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் என் அலுவலக மேசையில் ஒரு கடிதம் தேதியில்லாமல் வந்தால், வந்த நாளைப் பென்சிலால் மூலையில் எழுதிவிட்டுத்தான் பிரிப்பேன். சொந்த அம்மாவின் நோட்டில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. "பள்ளிக்கூடம் பொங்கலுக்கு லீவு" என்று ஒரு பக்கத்தில் இருப்பதை வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, நான் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமை பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வந்தது என்று கண்டுபிடித்தேன். நான் அப்போது நான்காம் வகுப்பு.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையை விட்டுக் கீழே இறங்கினால் அந்த எஸ்டேட். அப்பா அங்கே ஆபீசில் குமாஸ்தா. அவிநாசிப் பக்கத்துச் சமவெளிக்காரர். மலையேறி வந்து பதினைந்து வருடமாகியும் வீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு மேடு. மேட்டின் உச்சியில், கம்பிவேலிக்குள், எஸ்டேட்டின் மழைமானி நின்றது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மானேஜர் உரம் போட ஆள் அனுப்புவார். காய்ந்த மண்ணில் உரம் விழுந்தால் செடிக்குக் கேடு. அதனால் அது விளையாட்டான எண் இல்லை. அந்த வேலை அப்பாவுடையது.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய மே மாதம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு தம்பியோ தங்கையோ வரும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மட்டும் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பால் தீய்ந்தது. என் சட்டையில் பித்தான் இல்லாமல் போனது. யாராவது பேசினால் சற்றுத் தாமதமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

"தலைக்குள்ள மூடுபனி வந்து நின்னுட்ட மாதிரி இருக்குதுங்க. ஏதோ தெரியுது, என்னன்னு தெரிய மாட்டீங்குது" என்று அவள் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

குன்னூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அப்பா அழைத்துப் போனார். நானும் பஸ்ஸில் போனேன். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். கூடவே, தினமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூன்று வரி எழுதச் சொன்னார். நன்றாக எழுத வேண்டும் என்பதில்லை, யாருக்கும் காட்டவும் வேண்டாம், மனதில் இருப்பதை எழுதினால் போதும் என்றார்.

திரும்பும்போது மார்க்கெட்டில் அப்பா நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். "மருந்து கேட்டா பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்களே" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு மாதம் அந்த நோட்டு சமையலறை மேசையில் வெள்ளையாகவே கிடந்தது. அம்மா அதைத் திறப்பாள். பேனாவின் மூடியைக் கழற்றுவாள். பிறகு மூடியைப் போட்டுவிடுவாள். "மனசுல இருக்கறத எழுதச் சொன்னா எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?" என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு முட்டி வலி வந்தது.

"அம்மிணி, அந்த மேட்டுல ஏறி எறங்க முடியறதில்ல. முட்டி நெம்ப வலிக்குது. காலைல அந்த மழைய மட்டும் நீ பாத்து எழுதி வெச்சிரு. ஒம்பது மணிக்குச் சாப்பிட வாரப்ப நான் பாத்துக்கறன்."

"எதுல எழுதறது?"

"எதுலயோ எழுது. அந்த நோட்டு சும்மாதான கெடக்குது."

அம்மா எழுதினாள். முதல் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது: "திங்கள். மழை 14." அவ்வளவுதான். செவ்வாய், மழை 6. புதன், மழை 0. எண்ணை எழுதப் பேனாவைத் திறந்தாயிற்று. உடனே மூடுவானேன் என்று தோன்றியிருக்க வேண்டும். நான்காம் நாள் எண்ணுக்குப் பக்கத்தில் "காலை முழுவதும் மூடுபனி" என்று இருக்கிறது. ஏழாம் நாள், "பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன்."

முட்டி வலிக்காரரான அப்பா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பேக்டரிக்காரர்களோடு வாலிபால் ஆடுவார். வலைக்கு மேல் எம்பி எம்பி அடிப்பார். நான் ஓரத்தில் நின்று கை தட்டுவேன். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பத்து வருடம் தேவைப்பட்டது.

அந்த நோட்டை நான் படித்தேன். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது அம்மாவின் வரிகளும் நீண்டன. "மழை 31. கூரைத் தகரம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. பாப்பா ஸ்வெட்டரை நனைத்துக்கொண்டு வந்தாள். திட்டினேன். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்." பாப்பா என்பது நான். என்னைப் பற்றி எழுத்தில் வந்த முதல் செய்தி அது என்பதால் பலமுறை படித்தேன். இன்னொரு நாள்: "மழை 8. இன்று மூன்று முறை அழுதேன். நேற்று ஐந்து." இரண்டு குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுத் திருப்தியடைந்தேன்.

மார்கழி வந்தது, மழை நின்றது. வானம் கழுவி வைத்ததுபோல் நீலமாக இருந்தது. நோட்டில் வரிகள் சுருங்கின. "மழை 0. வெயில்." "மழை 0. அவரை விதை ஊன்றினேன்." "மழை 0." அதற்கடுத்த நாளும் வெறும் "மழை 0."

எனக்குப் பயம் வந்தது. மழை பெய்தால் அம்மா எழுதுகிறாள், பெய்யாவிட்டால் நின்றுபோகிறாள் என்பது எனக்கு ஒரு அறிவியல் விதிபோல் தெளிவாகத் தெரிந்தது. எழுத்து நின்றால் அம்மா மறுபடியும் ஜன்னலோரத்துக்குப் போய்விடுவாள். டாக்டரம்மா சொன்ன மூன்று வரிக்கு மழை வேண்டும். மழையைக் கொண்டுவர என்னிடம் ஒரு வழி இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அப்பா ஆபீசுக்கு இறங்கியதும், சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். புனலில் ஊற்றினேன். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. டம்ளரைத் துடைத்து இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

எட்டரைக்கு அம்மா மேட்டுக்குப் போனாள். வெகு நேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து புல்லைத் தொட்டாள். பக்கத்துத் தேயிலைச் செடியில் கையை விட்டு அடியிலைகளைத் தடவினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடியும் குழாயைப் பார்த்தாள்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு மேட்டோரம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் அக்கா, சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குடியிருப்பவர், எங்களோடு நன்றாகப் பழகுகிறவர். அம்மா அவரைக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, ராத்திரி மழ பேஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"மழையா? எங்க லயத்துப் பக்கம் ஒரு பொட்டு இல்லங்கம்மா. வெளிய போட்ட வெறகு காஞ்சபடியே கெடக்கு."

"மேக்கால ஏதாவது தூறல்?"

"வானத்தப் பாருங்களேன். கனாக் கண்டீங்களோ?" என்று சிரித்தார் அக்கா. கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்தாள்.

உள்ளே வந்தவள் நோட்டைத் திறந்து எழுதினாள். நான் எதிர்பார்த்தபடியே அன்றைக்கு வரி நீளமாகத்தான் வந்தது. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒன்பது மணிக்கு அப்பா சாப்பிட வந்தார். நோட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"பன்னண்டா?"

"பன்னண்டுதானுங்க. ரெண்டு தடவ ஊத்திப் பாத்தன்."

அப்பா இட்லியை மெதுவாகப் பிய்த்தார். "செரி. மேட்டுல மட்டும் தூறியிருக்கும். இந்த மலைல அப்படி ஆகறதுதான்."

"செடியெல்லாம் காஞ்சு கெடக்குதுங்க."

"காத்துல காஞ்சிருக்கும்."

அம்மா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "மழ பெய்யலீன்னு உங்களுக்கே தெரியுமுங்க. எனக்கு வேண்டிச் சொல்லாதீங்க. நாலு மணியிலிருந்து நான் முழிச்சுத்தான் கெடந்தன். தகரத்துல ஒரு சத்தம் இல்ல. ஆனா தண்ணி இருக்குது. ஒண்ணு என் காது பொய், இல்லாட்டி என் கண்ணு பொய்."

"அப்படியெல்லாம் இல்ல அம்மிணி..."

"நாளையிலிருந்து நீங்களே பாத்துக்கங்க. ஆபீஸ் கணக்கு. என்னைய நம்பி எழுதி, நாளைக்கு அவங்க உரம் போட்டுட்டா?"

நோட்டை மூடி, எட்டாத உயரத்தில், மின்சார மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்தாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மே மாதத்து நாற்காலி, மே மாதத்து முகம்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அடி விழும் என்ற பயம் ஒரு பங்கு. அதைவிடப் பெரியதாக வேறொன்றும் இருந்தது: நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரியவில்லை. எழுத வைக்கத்தானே ஊற்றினேன்? எழுதவும் செய்தாளே? பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்று என்ன பாடம் நடந்தது என்று என் எந்தக் குறிப்பிலும் இல்லை.

நான்கு மணிக்குத் திரும்பியபோது அம்மா அதே நாற்காலியில் இருந்தாள். அவரைச் செடிக்குத் தண்ணீர் விடவில்லை. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி நோட்டை எடுத்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அன்றைய வரி இப்படி இருந்தது: "செவ்வாய். மழை 12. மழை பெய்தது எனக்குத் தெரியவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை போலிருக்கிறது. இனி எதை நம்புவது?"

முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றியது யார் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பென்சிலால் எழுதினேன். அந்த எழுத்து இன்றும் அழியாமல் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கொய்யாக்காய் அளவு: "மழை பெய்யவில்லை. தண்ணீர் நான் ஊற்றினேன். ஒரு டம்ளர். காலை ஏழு மணி."

நோட்டை விரித்தபடி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, அடி வாங்கத் தோதாகக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அம்மா படித்தாள். மறுபடி படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் நினைத்த எதையும் அவள் கேட்கவில்லை.

"எந்த டம்ளர்?"

எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதில் தண்ணீர் பிடித்தாள். வேகமாக மேட்டில் ஏறினாள். செருப்புப் போட மறந்திருந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். புனலில் மெதுவாக, சிந்தாமல் ஊற்றினாள். பாட்டிலை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் கவிழ்த்து, கண்ணுக்கு நேராகத் தூக்கினாள்.

"படி" என்றாள்.

"பன்னெண்டு."

"நல்லாப் பாத்துப் படி."

"பன்னெண்டுதாம்மா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. மேட்டின் மேல் நின்றுகொண்டு, கையில் கண்ணாடிக் குழாயோடு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அடியும் விழுந்தது, முதுகில் ஒன்றே ஒன்று. அதுவும் தட்டிக்கொடுப்பது மாதிரிதான் இருந்தது.

அப்பா கீழேயிருந்து பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார். அம்மா அங்கிருந்தே கத்தினாள்: "ஏனுங்! மழ பெய்யலீங்!"

அப்பா நின்றார். "என்ன?"

"மழையே பெய்யலீங்! உங்க மக ஊத்துனது! சைபருங்க, சைபர்!"

அப்பா மீதி ஏற்றத்தை ஓடியே ஏறினார். முட்டி வலி அவருக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருந்தது. "பாத்துங்க, முட்டி!" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா முகம் சிவந்தது.

"ரிஜிஸ்டர்ல என்ன போட்டீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் போடல. கட்டத்தச் சும்மா விட்டு வெச்சிருக்கறன். மானேஜர் கேட்டதுக்கு, சாயந்தரம் எழுதறனுங்கன்னு சொல்லிட்டன்."

"ஏன்?"

"நீ பெய்யலீன்னு சொன்ன. குழா பேஞ்சுதுன்னு சொல்லுச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "குழாய அப்பறம் விசாரிச்சுக்கலாம்னு விட்டன்" என்றார்.

காலையில் அப்பாவுக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான். நாள் முழுக்க ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுச் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தண்டனை அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. "நாளையிலிருந்து நீயும் ஒரு வரி எழுதோணும். இதே நோட்டுல, எனக்குக் கீழ. ஊத்துனியோ ஊத்தலயோ, நடந்தத நடந்தபடி" என்றாள் அம்மா. "எத்தன நாளைக்கு?" என்று அழுகுரலில் கேட்டேன். "நான் போதும்ங்கற வரைக்கும்" என்றாள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இது மிக அதிகம் என்று என் இரண்டாம் நாள் வரி முறையிடுகிறது.

அவள் இன்னும் போதும் என்று சொல்லவில்லை. என் நோட்டுகள் இப்போது ஒரு அலமாரியின் இரண்டு தட்டுகளை நிறைத்துவிட்டன. தேதியோடு, வரிசையாக. மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்திருக்கிறேன். காலையில் எண்ணை எழுதுவேன். பிறகு இரண்டு வரி, மூன்று வரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மனதைப் பற்றி எழுத வேண்டும் என்று நேராக உட்கார்ந்தால் நானும் பேனா மூடியைத்தான் தேடுவேன். வெளியே இருக்கும் ஒன்றை, பொய் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிவிட்டால் மற்றது பின்னாலேயே வந்துவிடுகிறது. மனம் கலங்கிய நாட்கள் எனக்கும் வந்தன, வராமல் இல்லை. அப்போதெல்லாம் "மழை 0" என்று எழுதிய கை, அடுத்த வரியையும் எழுதியது. பொய்யான முட்டி வலிக்காக அப்பாவுக்கும், உண்மையான தண்டனைக்காக அம்மாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அம்மா இப்போது குன்னூரில் என்னோடுதான் இருக்கிறாள். சில காலைகளில் எனக்கு முன்பே மாடி ஏறி எண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் ஊத்தல, நான் பாத்துட்டன்" என்பாள்.

இந்த நோட்டை அவள் போன வருடம்தான் என்னிடம் கொடுத்தாள். மார்கழி வரிகளை இப்போது படித்தால், அழுகையின் எண்ணிக்கை அந்தச் செவ்வாய்க்கு மூன்று வாரம் முன்பே நின்றுபோயிருப்பது தெரிகிறது. அவரைச் செடிக்கும் என் சட்டைக்குப் பித்தான் தைப்பதற்கும் நேரம் போனதால்தான் வரிகள் சுருங்கியிருக்கின்றன. நடந்துகொண்டிருந்தவளைத்தான் தூக்கிவிடுவதாக நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 12 அடிக்கப்பட்டு, பக்கத்தில் பெரிய 0 ஒன்று இருக்கிறது. கீழே என் பென்சில் எழுத்து. அதற்கும் கீழே அம்மாவின் பேனா: "மழை பெய்யவில்லை. எனக்குத் தெரிந்தது சரிதான்." அந்த வரியை அவள் எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதி முடித்ததும் பூஜ்யத்தின் மேல் பேனாவை ஒருமுறை, இன்னொரு முறை என்று சுற்றிச் சுற்றி ஓட்டினாள். எஸ்டேட் முழுவதும் ஒரு தூறலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம் அது. மழை பெய்யவில்லை என்பதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவானேன் என்று, முதுகைத் தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.